சிவப்புக் கோடு போட்ட காகம்

கலாநிதி கதிர்காமநாதனுக்குக் காகத்தைக் கண்டால் ஆகாது. அதை அவர் யாரிடமும் மறைத்ததும் இல்லை. மெல்பேணுக்குத் தெற்கே கிரான்பர்ன் தாண்டி, கடற்சேற்று வாடை அடிக்கிற புல்வெளியில் இருந்த அந்தச் சின்னப் பறவைக் காப்பகத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் வந்தால், பாண் ரொட்டித் துண்டும் உருளைக்கிழங்குப் பொரியலும் எறிகிற கைகளை அப்படியே பிடித்து நிறுத்துவார். "நீங்கள் வாத்துக்குப் போடவில்லை, காகத்துக்கு விருந்து வைக்கிறீர்கள். இன்றைக்குத் தீனிக்கு வருகிற காகம் நாளைக்கு முட்டைக்கு வரும்" என்று இங்கிலீஷில் பிரசங்கம் செய்வார். பிள்ளைகள் பயந்துபோய்ப் பாணைத் தாங்களே தின்று முடிப்பார்கள். ஊருக்கு உபதேசம் செய்வதில் நாதனை அடிக்க ஆள் கிடையாது.

அவர் அங்கே பாதுகாத்து வந்தது எங்கள் ஊர் வயலில் மேய்கிற தாரா இனம் அல்ல. ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்கும் டாஸ்மேனியாவுக்கும் நடுவில் சிதறிக் கிடக்கிற தீவுகளில் குஞ்சு பொரிக்கிற கேப் பாரன் வாத்து. தாராவைவிடப் பெரிது, அன்னத்தைவிடச் சிறிது. உடம்பு முழுக்கத் திருநீற்றைப் பூசிக்கொண்டு வந்ததுபோலச் சாம்பல் நிறம். கட்டைச் சொண்டின் மேல் எலுமிச்சம் பச்சையில் ஒரு மூடி, கால் இளஞ்சிவப்பு. வாத்து என்று பெயர்தான், தண்ணீரில் இறங்க மனம் வராது. ஆடு மாதிரிப் புல் மேயும், பன்றி மாதிரி உறுமும், உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு வாழும். தீவுப் பண்ணைக்காரர்கள் தங்கள் செம்மறிகளின் புல்லைத் தின்கிறது என்று சுட்டார்கள். முட்டையையும் எடுத்துத் தின்றார்கள். அதற்கு இருபது வருடங்களுக்கு முன்பு இந்த இனம் அடியோடு போய்விடும் என்றே பயந்திருந்தார்கள்.

காப்பகத்தை நடத்தியவள் டொரத்தி. அறுபதைத் தொட்ட மனுஷி, ரப்பர் சப்பாத்தைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. மீன்பிடி வள்ளத்தில் ஏறி, வழி நெடுகச் சத்தி எடுத்துக்கொண்டே போய், ஒரு சோடி வாத்தைத் தீவிலிருந்து கொண்டு வந்தவள் அவள்தான். முதல் குளிர்காலத்தில் அந்தச் சோடி முட்டையிடவில்லை. இரண்டாம் குளிர்காலத்தில், வேலியோரத்துப் புற்பற்றைக்குள் பெட்டை தன் நெஞ்சுப் பஞ்சைப் பிடுங்கி மெத்தை போட்டு ஐந்து முட்டை இட்டது. அந்தக் காப்பகத்தில் முதல் முட்டைகள் அவை. டொரத்தி நாதனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். வருகிறவர்களிடமெல்லாம் "இவர்தான் எங்கள் விஞ்ஞானி" என்று அவரைக் காட்டினாள். அந்தச் சொல்லைக் கேட்கிறபோதெல்லாம் நாதனுக்கு உடம்பு ஒரு அங்குலம் உயரும். அந்தப் பக்கத்தில் அவரைத் தவிர வேறு கறுத்த மனிதர் இல்லாத காலம் அது. அந்த ஒரு அங்குலம் அவருக்குத் தேவையாகவும் இருந்தது.

ஆண் வாத்து கூட்டைச் சுற்றி யாரையும் அண்ட விடாது. கழுத்தைத் தாழ்த்தி உறுமிக்கொண்டு ஓடி வந்து, செட்டை மூட்டில் இருக்கிற முண்டால் முழங்காலில் அடிக்கும். டொரத்திக்கும் அடி, நாதனுக்கும் அடி. இந்த இனம் ஒரு முறை சோடி சேர்ந்தால் சாகும்வரை பிரியாது என்று நாதன் சொல்லிக்கொடுப்பார்.

நாதனின் சோடி விமலாதேவி. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் மேல் வகுப்புக்கு இங்கிலீஷ் படிப்பித்தவள். இங்கே அவளுடைய சான்றிதழ் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். காப்பக வளவுக்குள் இருந்த பலகை வீட்டில், சேலைக்கு மேல் நாதனின் பழைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு சமைத்தாள். டொரத்தி வாசலில் நின்று அவளிடம் ஏதாவது கேட்டால், நாதன் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவார். விமலாவின் இங்கிலீஷ் வீட்டுக்குள்ளேயே கிடந்தது. அதைப் பற்றி அவள் ஒன்றும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

அந்த வருடம் ஆடி அமாவாசை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. நாதனின் தகப்பன் கரவெட்டியில் இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது. தந்தி கைக்குக் கிடைத்தபோது அங்கே எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அண்ணன் கொள்ளி வைத்தார், தம்பி புல்வெளியில் நின்று தாராக்களின் காலில் அடையாளத் தகடு கட்டிக்கொண்டிருந்தார். அந்த வெட்கம் அவரை உள்ளே அரித்தது. அதனால் இந்த முதல் அமாவாசையையாவது ஒழுங்காகப் பிடிக்க வேண்டும் என்று நின்றார். மெல்பேணிலிருந்து கேதீஸ்வரனையும் மனைவி யோகாவையும் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். கேதீஸ்வரன் இவரைவிட வயதில் இளையவன், என்ஜினியர், பகிடிக்காரன்.

விமலா விடியக் குளித்துச் சமைத்தாள். ஆடி அமாவாசைக் கறிக்கு வேண்டிய காத்தோட்டிக்காய்க்கு இங்கே எங்கே போவது? வாழைக்காயும் கிடைக்கவில்லை. பூசணிக்காய்க் கறி, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், வடை, பாயாசம் எல்லாம் ஆயிற்று. வாழையிலைக்குப் பதிலாக ஈயத்தாள். நாதன் வேட்டி கட்டி, அதற்கு மேல் மழைக்கோட்டுப் போட்டு, நெய்யும் பருப்பும் விட்ட சோற்றை அந்தத் தாளில் வைத்துக் கொட்டில் கூரை மேல் வைத்தார். கையைத் தட்டி, "கா... கா..." என்று கூப்பிட்டார்.

காகம் இருந்தது. வாத்து வேலிக்கு அப்பால், கம்பத்துக்கு ஒன்றாக மூன்று நான்கு. இங்கத்தைக் காகம் ஊர்க் காகத்தைவிடப் பெரிது, கண் வெள்ளை, பசியெடுத்த குழந்தை சிணுங்குவதுபோல இழுத்து இழுத்துக் கத்தும். அவை வெள்ளைக் கண்ணால் நாதனைப் பார்த்தன. பளபளத்த தாளைப் பார்த்தன. ஒன்றும் அசையவில்லை. வருடக்கணக்காகக் கல்லெறிந்து கலைத்தவர் இன்றைக்கு வா வா என்றால் எந்தக் காகம் நம்பும்?

காகம் எடுக்காமல் விரதக்காரர் சாப்பிட முடியாது. விரதக்காரர் சாப்பிடாமல் விருந்தாளி சாப்பிட முடியாது. தூறல் விழுந்தது. வடை ஆறிப் போயிற்று. யோகா வயிற்றைத் தடவிக்கொண்டு கதவடியில் நின்றாள்.

"அண்ணை, இது வெள்ளைக்காரக் காகம். சோறெண்டால் என்னெண்டு தெரியாது. பாண் வைச்சுப் பாருங்கோ" என்றான் கேதீஸ்வரன்.

மற்ற நாளென்றால் நாதனும் சிரித்திருப்பார். இப்போது கம்பத்துக் காகங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். கொள்ளி வைக்க வராத மகனுடைய சோறு தகப்பனுக்கு வேண்டாமாம். அதைத்தான் காகம் சொல்லுகிறது என்று அவருக்குப் பட்டது. பறவைகளைப் பற்றி இரண்டு புத்தகம் எழுதிய மனிதருக்கு அப்படிப் பட்டது. படிப்பு ஒரு பக்கம் இருக்க, பெற்றவருக்குச் செய்ய வேண்டிய கடன் இன்னொரு பக்கம் இழுத்தது.

"இஞ்சாருங்கோ, வைச்ச இடத்தில கிடக்கட்டும். வரேக்க வரட்டும். நாங்கள் சாப்பிடுவம்" என்றாள் விமலா.

"அப்பா எடுக்காமல் நான் எப்பிடிச் சாப்பிடுறது?"

நாதன் தாளைக் கூரையிலிருந்து எடுத்து, சோற்றைக் கையில் திரட்டிக்கொண்டு, காகம் இருந்த பக்கம் நடந்தார். அது வாத்து வேலிப் பக்கம். விமலா பின்னால் ஓடி வந்தாள்.

"அங்க வேண்டாம்! தாரா அடைகிடக்குது. நீங்கள்தானே எல்லாருக்கும் சொல்லுறனீங்கள்!"

"ஒரு நிமிசம். நீர் சும்மா இரும்."

அவர் படலையைத் திறந்து உள்ளே போனார். கூட்டிலிருந்து கொஞ்சத் தூரத்தில் ஒரு வெட்டுமரக் குற்றி. அதில் சோற்றை வைத்துவிட்டுத் திரும்பவும், ஆண் வாத்து உறுமிக்கொண்டு பாய்ந்தது. நாதன் வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார். வாத்து விடவில்லை, வேலி நெடுகத் துரத்தியது. கேதீஸ்வரன் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கலவரத்தில் பெட்டையும் கூட்டை விட்டு எழும்பி, கத்திக்கொண்டு ஆணுக்குப் பின்னால் வந்தது.

நாதன் படலைக்கு வெளியே வந்து மூச்சு வாங்கியபோது ஒரு காகம் கம்பத்திலிருந்து இறங்கியது. குற்றியைச் சுற்றி நடந்தது. தலையைச் சரித்துப் பார்த்தது. பிறகு ஒரு வாய் சோறு எடுத்தது.

"எடுத்திட்டார்!" நாதனுக்குக் கண்ணீர் பொலபொலவென்று வழிந்தது. "விமலா, அப்பா எடுத்திட்டார்!"

மழை பலத்தது. எல்லோரும் உள்ளே ஓடினார்கள். நாதன் சந்தோஷமாகச் சாப்பிட்டார், இரண்டாம் தரம் பாயாசம் கேட்டு வாங்கினார். தகப்பன் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போய்க் கடலேரியில் நாரை காட்டிய கதையைச் சொன்னார். அவர் அவ்வளவு கதைத்து விமலாவே அதுவரை கண்டதில்லை. வெளியே எத்தனை காகம் இறங்கியது என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

விருந்தாளிகள் போன பிறகு நாதன் கூட்டைப் பார்க்கப் போனார். பஞ்சு சிதறிக் கிடந்தது. வெள்ளைக் கோதுகள், உள்ளே இரத்த நரம்பு. ஒரு கோதுக்குப் பக்கத்தில், இன்னும் சில நாளில் வெளியே வந்திருக்க வேண்டிய குஞ்சின் ஒரு கால் மட்டும் கிடந்தது. ஐந்தும் போய்விட்டன. பெட்டை வெறும் பஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தது. ஆண் முன்னால் வந்து நின்று அவரைப் பார்த்து உறுமியது. காப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது அதற்கு இன்னும் தெரியவில்லை.

அவர் முதலில் செய்த வேலை, குற்றியில் ஒட்டிக் கிடந்த சோற்றை வழித்து எடுத்து மழைக்கோட்டுப் பையில் போட்டது. இதைச் சொல்ல எனக்கே கூசுகிறது. குனிந்து, புல்லுக்குள் விழுந்த பருக்கைகளையும் பொறுக்கினார். அழுதுகொண்டுதான் பொறுக்கினார். ஆனாலும் பொறுக்கினார்.

திங்கட்கிழமை டொரத்தி வந்து கூட்டுக்கு முன்னால் மண்டியிட்டு இருந்தாள். "என் பிழை. மேலே வலை கட்டியிருக்க வேண்டும். நான்தான் வேண்டாம் என்றேன், காட்டுப் பறவை வானத்தைப் பார்க்கட்டும் என்று" என்றாள். மூக்கைச் சட்டைக் கையால் துடைத்தாள். அவளுடைய பிழையாகவே அது போய்விட்டால் என்ன என்று நாதன் ஒரு கணம் நினைத்ததும் உண்மை.

எழும்பும்போது அவள் கண்ணில் குற்றி பட்டது. பட்டைப் பிளவுக்குள், பருப்பு மஞ்சள் ஏறிய சோறு கொஞ்சம் இறுகிக் கிடந்தது. விரலால் தோண்டி எடுத்தாள்.

"நாதன், இது சோறா?"

இப்போது சொல்லலாம். என் தகப்பன் செத்துப் போனார், நான் போகவில்லை, காகத்தை அப்பா என்று கூப்பிட்டுச் சோறு வைத்தேன் என்று சொல்லலாம். இந்த ரப்பர் சப்பாத்துக்காரிக்கு, எங்கள் விஞ்ஞானி என்று சொல்லிக் காட்டுகிறவளுக்கு, அதை எப்படிச் சொல்லுவது? சொன்னால் இனி அவர் விஞ்ஞானி இல்லை. காகத்தைக் கும்பிடுகிற எங்கோ ஒரு தேசத்து ஆள். நாதனின் வாய் தானாகவே வேறு வழி தேடியது.

"என் மனைவி..." என்றார். "மிச்சச் சாப்பாட்டைக் காகத்துக்குப் போடுகிற பழக்கம் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு உண்டு. அவளுக்கு இதெல்லாம் தெரியாது."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழியைக் கையால் எடுத்து இன்னொருத்தி தலையில் வைத்தவரை என்னவென்று சொல்வது?

டொரத்தி விரலில் ஒட்டிய சோற்றைப் புல்லில் துடைத்தாள். "பாவம். அவளைத் திட்டாதே, நாதன்" என்றாள். அதைக் கேட்டபோது அவருக்குப் பூமி பிளந்தால் நல்லது என்று இருந்தது. பூமி பிளக்கவில்லை.

அடுத்த நாள் டொரத்தி வீட்டுக்கே வந்தாள். கையில் ஒரு மட்டை. அதில் அவளே கலர்ப் பென்சிலால் படம் கீறியிருந்தாள். ஒரு காகம், அதன் முன்னால் ஒரு கோப்பைச் சோறு, பக்கத்தில் உடைந்த முட்டை, எல்லாவற்றுக்கும் மேலே குறுக்காகச் சிவப்புக் கோடு. விமலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, காது கேளாதவருக்குச் சொல்வதுபோல உரத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "காகம். முட்டை. தின்னும். சோறு. வேண்டாம். கோபம் இல்லை. சரியா?"

விமலா படத்தைப் பார்த்தாள். பிறகு நாதனைப் பார்த்தாள். அவர் குசினி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரே ஒரு சொல் போதும், அவரை அந்த இடத்திலேயே கிழித்துப் போட்டிருக்கலாம். அந்தச் சொல்லுக்காக நாதன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். வந்துவிட்டால்கூட நல்லது என்று ஒரு பக்கம் வேண்டிக்கொண்டும் நின்றார்.

விமலா மேல் வகுப்புக்குப் படிப்பித்த அந்த இங்கிலீஷில், ஒரு எழுத்துக்கூடச் சறுக்காமல் சொன்னாள்: "மன்னித்துக்கொள்ளுங்கள், டொரத்தி. நீங்கள் அந்தச் சோடிக்காக எவ்வளவு பாடுபட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். இந்த வீட்டிலிருந்து இப்படி ஒன்று நடந்திருக்கக் கூடாது. இனி நடக்காது."

டொரத்தி வாயைப் பிளந்தாள். "அடடா, எவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்கள்!" என்று கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

விமலா அந்தப் படத்தைக் குசினிச் சுவரில், சாப்பாட்டு மேசைக்கு நேரே, நாதனின் கதிரைக்கு எதிரே ஒட்டினாள்.

"அதைக் கழட்டும், விமலா" என்றார் நாதன்.

"ஏன்? எனக்குத்தானே தெரியாது. பாத்துப் பழகுறன், இருக்கட்டும்."

அதற்குப் பிறகு அவள் கோபிக்கவில்லை, கதைக்காமலும் இருக்கவில்லை. தேத்தண்ணி தந்தாள், கம்பளிச் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை. இரண்டு மூன்று முறை மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். "அதுக்கென்ன" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். குசினி ஜன்னலால் பார்த்தால், ஆண் வாத்து இன்னமும் வெறும் கூட்டுக்கு முன்னால் நின்று, போகிற வருகிற எல்லோரையும் முழங்காலில் அடித்துக்கொண்டிருந்தது. பெட்டை எழும்பிப் போய்ப் புல் மேயத் தொடங்கிய பிறகும் ஆண் பின்னால் போய், அதற்கும் ஆட்களுக்கும் நடுவிலேயே நின்றது. நாதன் ஜன்னல் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டார். சாப்பிடும்போது படம், எழும்பினால் வாத்து. பார்க்க இடமில்லாமல் போயிற்று அந்த மனிதருக்கு.

ஆவணி மாதம் கேதீஸ்வரனும் யோகாவும் இன்னொரு தரம் வந்தார்கள். மத்தியானச் சாப்பாடு. நாதன் கோப்பையில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது யோகா சுவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"இதென்ன விமலாக்கா, சின்னப்பிள்ளைப் படம்?"

"டொரத்தி கீறித் தந்தவ. எனக்கு விளங்கட்டுமெண்டு."

"உங்களுக்கு என்னத்தை விளங்கப்படுத்துறது?"

"காகத்துக்குச் சோறு வைக்கக் கூடாதெண்டு. அண்டைக்கு நான்தானே வைச்சனானாம். அதாலதான் முட்டையெல்லாம் போனது" என்று சொல்லிக்கொண்டே விமலா கேதீஸ்வரனுக்குப் பருப்பு விட்டாள்.

கேதீஸ்வரன் பெரிதாகச் சிரித்தான். "நீங்களோ? நாதன் அண்ணையெல்லோ வேட்டியை மடிச்சுக்கொண்டு ஓடினவர்! நாங்கள் பாத்துக்கொண்டு..."

அவன் வசனம் பாதியில் நின்றது. யோகாவைப் பார்த்தான், நாதனைப் பார்த்தான், பிறகு தன் கோப்பையைப் பார்த்தான். யோகா தண்ணீர்க் குவளையை எடுத்துக் குடிக்காமலே வைத்தாள். மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு இருக்க, விமலா மட்டும் அகப்பையோடு நிமிர்ந்து நின்றாள்.

நாதனுக்குக் காது சுட்டது. "நான்தான்" என்றார். குரல் பிசிறியது. "நான்தான் வைச்சனான். விமலா வேண்டாம் வேண்டாமெண்டு பின்னால ஓடி வந்தவ. நான்தான்..."

"இதை இவைக்கு ஏன் சொல்லுறியள்?" என்றாள் விமலா. "இவைக்குத் தெரியும். அவவுக்கல்லோ தெரியாது."

அவள் ஜன்னல் பக்கம் நாடியால் காட்டினாள். வெளியே டொரத்தி கம்பி வலைச் சுருளை வண்டியிலிருந்து இறக்கி, வருகிற வருடத்துக்காக வாத்து வேலிக்கு மேலே கட்டிக்கொண்டிருந்தாள். தனியாகத்தான் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தா நிக்கிறா. போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ. சோறு எங்கயும் போகாது."

நாதன் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பினார். கேதீஸ்வரன் நிமிர்ந்து பார்த்தான். கையைக் கழுவிவிட்டுப் போகிறேன் என்பதுபோல நாதன் குழாயடிக்குப் போனார். சோறு ஒட்டிய கையைக் கழுவினார். நகத்துக்குள் கழுவினார். முழங்கைவரை கழுவினார். குழாயை மூடினால் வெளியே போக வேண்டிவரும். குளிர்த் தண்ணீரில் விரல்கள் மரத்துப் போகும்வரை கழுவிக்கொண்டே நின்றார்.

அவர் மேசைக்குத் திரும்பி வந்தபோது டொரத்தியின் வண்டி படலையைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. கேதீஸ்வரனும் யோகாவும் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார்கள். விமலா அவருடைய கோப்பையை எடுத்து, மிச்சச் சோற்றைக் கொட்டி, கழுவிக் கவிழ்த்தும் விட்டிருந்தாள்.